அப்பா உள்ளே வந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாவின் மொபெட் ஹாரன். ஏழரை மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்தி இரண்டு முறை அழுத்துவார். நானும் தங்கையும் பைபிளையும் மனப்பாட வசன நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடுவோம். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் சர்ச் வரைக்கும் அப்பா வசனம் கேட்டுக்கொண்டே வருவார். தங்கை முன்னால் நின்று காற்றை எதிர்த்துக் கத்திச் சொல்வாள். நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகிடம் சொல்வேன். தப்பாகச் சொன்னால் வண்டியின் வேகம் குறையும். திருத்திச் சொன்ன பிறகுதான் கூடும்.

இத்தனைக்கும் அப்பா கிறிஸ்தவர் இல்லை. தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். அண்ணாமலை நகரில் ஆய்வுக்கூட வேலைக்குப் போய்க்கொண்டே வயலையும் பார்த்துக்கொண்டார். ஊர் மாரியம்மன் திருவிழாவில் முதல் ஆளாக நிற்பார். அம்மா கடலூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், சிதம்பரத்தில் நர்ஸ். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது இருவரும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்களாம். பொங்கலன்று அம்மா மாமியாரோடு சேர்ந்து பானை வைக்க வேண்டும். பிறக்கிற பிள்ளைகள் சர்ச்சில் வளர வேண்டும். அம்மா தன் பங்கைத் தவறாமல் செய்தார். ஆனால் பாதி ஞாயிறுகளில் அவருக்கு டியூட்டி. அதனால் எங்களைச் சர்ச்சில் வளர்க்கும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது.

எங்களைச் சர்ச் கேட்டருகே இறக்கிவிட்டு எதிர் டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். ஆராதனை முடியும்வரை அங்கேதான். அவர் உள்ளே வந்ததில்லை, யாரும் கூப்பிட்டு வற்புறுத்தியதும் இல்லை. விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் எங்கள் வயல் கதிர்க்கட்டை வண்டியில் வைத்துக் கட்டி வருவார். அலங்காரம் செய்கிற அண்ணன்களுக்குக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "இழுத்துக் கட்டாதீங்கப்பா, மணி கொட்டிடும்!" என்று குரல் கொடுப்பார்.

எனக்குப் பதிமூன்று வயதிருக்கும். அன்று சிறுவர் ஞாயிறு. தங்கை சபை முழுவதற்கும் முன்னால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. பள்ளியில் ஒருத்தி, "உங்க அப்பாவுக்கு ஒரு சாமி, உனக்கு ஒரு சாமியா?" என்று கேட்டுச் சிரித்தது வாரம் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா சாவியோடு கூப்பிட வந்தார்.

"நீங்களே உள்ள வர்றதில்ல. நான் மட்டும் எதுக்குப்பா போவணும்?"

அம்மா டியூட்டிக்குப் போயிருந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா "சின்னவ பயந்துக்குவாளே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்குப் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

பதினோரு மணிக்குத் தங்கை வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிவந்தாள்.

"அக்கா, அப்பா உள்ள வந்துட்டாரு! எல்லாரும் எந்திரிச்சிப் பாடுறாங்க, அப்பா உக்காந்திருக்காரு. எல்லாரும் உக்காந்தா அப்பா எந்திரிச்சி நிக்கிறாரு!"

மிச்சத்தை அவள் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். நாலாவது வரியில் அவளுக்கு அடுத்த அடி மறந்துவிட்டதாம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, மொபெட்டில் பேசுகிற அதே சத்தத்தில், அப்பா அடுத்த அடியைச் சொல்லியிருக்கிறார். ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. இன்னும் இரண்டு வரி போய்விட்டார். சபை சிரிக்க, போதகர் ஐயரும் அங்கி குலுங்கச் சிரிக்க, தங்கை சுதாரித்துக்கொண்டு அப்பாவோடு சேர்ந்தே முடித்துவிட்டாள்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். உள்ளே வரவில்லை என்று அவரைக் கேட்டவள் நான். அவர் வந்த அன்று நான் அங்கே இல்லை.

அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா உள்ள போனீங்க?" என்றேன்.

"நீ வரல. அவளுக்குத் துணைக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்றவர், துணியை உதறிவிட்டுச் சொன்னார்: "எனக்கு எங்க சாமி இருக்கு. அது அம்மாவுக்கும் தெரியும். புள்ளைங்கள சர்ச்சுல வளக்குறேன்னு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன். படிச்சு முடிச்சுப் பெரியவளானப்புறம் போ, போவாத, உன் இஷ்டம். அதுவரைக்கும் ஹாரன் அடிக்கறது என் வேல." கொஞ்சம் யோசித்து, "உள்ள ஃபேன் காத்து நல்லாத்தான் வருது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஹாரனுக்கு முன்னால் நான் வண்டியருகே நின்றேன். அப்பா பழையபடி டீக்கடை பெஞ்சுக்கே போய்விட்டார். உள்ளே பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அப்பா வரலியா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள். அன்றுதான் நான் முதல்முறையாகப் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். பெரியவளான பிறகும் போகாமல் இருக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது கடலூர் சர்ச்சில் நானே பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். போன மாதம் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏதோ குற்றம் செய்தவர் போலத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எங்க வீட்டுக்காரரு இந்து, டீச்சர். கேட்டாண்டையே நின்னுட்டாரு. உள்ள வரமாட்டாரு."

"வாராவாரம் கொண்டாந்து விடுவாரா?"

"அதெல்லாம் என்னை விட ஜாஸ்தி அவருதான் கரெக்டா இருப்பாரு."

குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். வெளியே நல்ல வெயில். கேட்டருகே நிழலில் ஒரு நாற்காலி போடச் சொன்னேன்.