“நல்லாத்தான் இருக்கேன்”

உள்ளறையில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அடுத்துக் கேட்டது, பரக் பரக்கென்று சொறியும் சத்தம். முன்னறையில் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“மறுபடியுமா, மகாராணி?”

“நூல் அறுந்துபோச்சு. உங்க வேலையப் பாருங்க.”

கணவருக்கு மகாராணி, தெருவுக்கு டெய்லரம்மா. கூன் விழுந்தவரையும் நிமிர்ந்தவராகக் காட்டும்படி கோட்டு தைக்கும் கைகாரி. உடம்பின் குறையை மறைப்பதுதான் தையல் என்பாள். அதையே தன் நோய்க்கும் செய்தாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

கோடையில் தொடங்கிய அரிப்பு. கூடவே ஆளை அடித்துப்போடும் அசதி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். ஆனால் டாக்டரிடம் கிளம்பும்போது பார்க்க வேண்டுமே! புதுச்சட்டை, மணிக்கட்டு வரை கை, முகத்தில் பவுடர். “டெய்லரே நோஞ்சானா நின்னா எவ துணி குடுப்பா?”

டாக்டர் கேட்டால், “நல்லாத்தான் இருக்கேன், லேசா அரிப்பு” என்பாள். ஒருவர் களிம்பு கொடுத்தார். இன்னொருவர் சத்து மாத்திரை. மூன்றாமவர், துணித்தூசிதான் காரணம், முகமூடி போடுங்கள் என்றார். பூப்போட்ட துணியில் அதையும் தைத்துக்கொண்டாள். கணவர் வாய் திறக்கப் போனால் ஒரே முறைப்பு, மனிதர் அடங்கிவிடுவார்.

ஒரு காலையில் மெஷின் மீதே தலை சாய்த்துக் கிடந்தாள். பதறிப்போய் முகத்தை நிமிர்த்தினார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

அன்று பவுடர் பூசக்கூட விடாமல் வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவள் “நல்லாத்தான்...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மனிதர் உடைந்துபோனார்.

“பொய் டாக்டர்! ரத்தம் வர்ற வரைக்கும் சொறியறா. சட்டைக்கைய மடிச்சுப் பாருங்க. எனக்கு இவளை விட்டா யாரு இருக்கா?”

“ஊர் முன்னாடி மானத்த வாங்குறீங்களே!”

“நான் ஊர் இல்லம்மா, டாக்டர்” என்று சட்டைக்கையை மடித்தார் டாக்டரம்மா. முழங்கை வரை ரத்தக் கோடுகள். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எண்கள் எகிறியிருந்தன. “குடிப்பழக்கம் உண்டா?” என்றபோது, “டீயே அரை கிளாஸ்தான் குடிப்பா” என்று கணவர் சத்தியம் செய்யாத குறை. கிருமித் தொற்றும் இல்லை. ஈரல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள் செய்தார். ஊசியால் ஈரலில் துளி சதை எடுத்துப் பார்த்தார். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் கணவர் இரண்டு சட்டைகளைக் கருக்கினார்.

“ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ்” என்றார் நிபுணர். “உடம்பைக் காக்கற எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குது. மாத்திரையில கட்டுப்படுத்தலாம், ரொம்ப நாள் சாப்பிடணும். என்ன செய்யுதுன்னு மறைக்காம சொன்னாத்தான் நான் அளவு மாத்த முடியும்.”

படியிறங்கும்போது அவள் சிடுசிடுத்தாள். “முதல் டாக்டர்கிட்டயே போட்டுக் குடுத்திருக்கலாமில்ல?”

“உன் முறைப்புக்கு மாத்திரை இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

சிரித்தாள். அழுகையும் கலந்தே வந்தது.

அந்த வாரமே வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கதவைத் தட்டினார். “என் கவுன் ஆச்சா? நல்லா இருக்கீங்கல்ல?”

கணவரின் கையில் இஸ்திரிப்பெட்டி அந்தரத்தில் நின்றது.

“இல்லீங்க” என்றாள் அவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. “ஈரல்ல வியாதி. நிக்கவே முடியல. அடுத்த மாசம்தான் தர முடியும். அவசரம்னா வேற இடம் பாருங்க.”

“அடுத்த மாசமே குடுங்க. முதல்ல போய்ப் படுங்க” என்று வந்தவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கணவர் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.