மச்சான் மேல் போட்ட பழி

மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்தபோது, மனைவியிடம் தைக்கக் கொடுப்பவர்களின் அளவுகளை என் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸாக வைத்திருந்தேன். தீபாவளி நெருக்கத்தில் அந்த டேட்டாபேஸ் ஓடும் சர்வர் மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். மறுநாள் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றது.

முந்தின நாள் அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டவன் மனைவியின் தம்பி குமரன். ரவிக்கை வாங்க வந்த பெண்கள் முன்னாலேயே, "நீதானேடா மாத்துன?" என்று கத்தினேன்.

அவன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, எப்பவும் உங்க மோட்டார் சைக்கிள் நம்பர்தானே வைப்பீங்க? புது மோட்டார் நம்பரைப் போட்டுப் பாத்தீங்களா?"

போட்டேன். திறந்துகொண்டது. புது சர்வருக்குப் புது நம்பரை வைத்தவனே நான்தான். விற்றுவிட்ட மோட்டாரின் நம்பரையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, சாப்பிட வா" என்றேனே தவிர, மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இன்றுவரை என் வீட்டில் டிவி போடக்கூட அவன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறான்.