இரண்டாவது ஸ்கேனில் தெரிந்த குடல்

முதல் ஸ்கேன் அன்று அறையில் டாக்டர், அம்மா, நான், மேஜைமேல் மல்லாந்து கிடந்த எங்கள் நாய் ஸ்வீட்டி. அப்பா வரவில்லை. அவர் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் வெல்டர். நாய்க்கு ஸ்கேன் என்று சொல்லி எப்படி லீவு கேட்பது என்று கூச்சப்பட்டார்.

ஸ்வீட்டிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தாள்; அடிக்கடி வாந்தி. நான் இணையத்தில் படித்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தேன். மலம் கறுப்பாகப் போன பிறகுதான் (உள்ளே ரத்தம் கசிவதன் அறிகுறி) மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.

திரையில் சாம்பல் புகை மட்டும் தெரிந்தது. "ஊட்டா ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு.

"ஊட்டா எல்லாம் இல்ல மேடம். வெறும் வயித்துல மாத்திரை குடுக்கக் கூடாதுல்ல, அதுக்கு ரெண்டு இட்லி."

"ரெண்டு இட்லி ஊட்டா இல்லன்னா, எங்க வீட்ல யாருமே காலையில சாப்பிடறதில்லம்மா."

தவறு அம்மாவுடையதல்ல. பன்னிரண்டு மணி நேரம் உணவு கூடாது என்று எழுதி முந்தின நாள் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு இரவு வேலைக்கு ஓடியவன் நான். வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பது அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. ஏதோ ஆபீஸ் காகிதம் என்று அம்மா நினைத்திருக்கிறார். குடலில் உணவும் காற்றும் இருந்தால் ஒலியலைக்கு அவை திரைபோட்டுவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் வாயால் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் மறுபடி போனோம். அப்பாவும் வந்தார். உண்மையைச் சொல்லியே லீவு கேட்டாராம். சூப்பர்வைசர் தன் நாயின் படத்தைக் காட்டினாராம்.

இந்த முறை குடல் சுவர் மெல்லிய கோடுகளாக, அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் சுவர் தடித்து, அடுக்குகள் அழிந்து, ஒரே கறுப்பாக இருந்தது. அழற்சி (புண்பட்டு வீங்குதல்) என்றால் பெரும்பாலும் அடுக்குகள் மிஞ்சும், அழிந்திருந்தால் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் டாக்டர். என்ன கட்டி என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லாது. திரையைப் பார்த்துக்கொண்டே அதில் ஊசி செலுத்தி மாதிரி எடுத்தார். இரண்டு நாளில் முடிவு வந்தது: புற்றுநோய்.

ஈரல் சுத்தம், நிணநீர் முடிச்சுகளும் (நோய் பரவினால் முதலில் வீங்கும் இடங்கள்) வீங்கவில்லை. ஆகவே வெட்டி எடுக்கலாம். இந்த வயதில் மயக்க மருந்து ஆபத்து. அப்படியே விட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். முடிவை டாக்டர் எங்களிடம் விட்டார்.

அப்பா கேட்டார்: "பைப்பு மாதிரிதானே மேடம். வெட்டிச் சேர்த்தா ஜாயிண்ட்டு லீக் ஆகுமா?"

"ஆகலாம். முதல் அஞ்சு நாள் அதான் பயம்."

"அஞ்சு நாளும் நான் பாத்துக்கறேன். எடுத்துடுங்க."

எடுத்தார்கள். அப்பா ஐந்து நாளும் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி வந்ததா, வயிறு இறுகுகிறதா என்று மணிக்கொருமுறை பார்த்தார். ஆறாம் நாள் ஸ்வீட்டி தானாக எழுந்து வாசலுக்குப் போய், சிலிண்டர்காரரைப் பார்த்துக் குரைத்தாள்.

முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்கு அப்பால் நாங்கள் எதையும் திட்டமிடுவதில்லை. சாப்பிட்டு எழும்போது என் வயிற்றையே தடவிப் பார்க்கிறேன். உள்ளே இப்படி ஒரு சுவர் இருப்பது எனக்கு முன்பு தெரியாது.

இதே நிலையில் இருப்பவர்கள் கேட்கக் கூச்சப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். வீணாய்ப் போன முதல் ஸ்கேனையும் சேர்த்து, மொத்தச் செலவு எண்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.