அரிசி சுமந்த புழுக்கள்

எங்கள் அத்தை ஏழு கற்களைக் கொண்டு ஒரு மலையையே காப்பாற்றியவள். அந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், இதைக் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டுதான் சொல்வேன். கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதைக்கு மேலே, உயரத்தில் இருந்தது எங்கள் தோட்டம். சீமையில் பெரிய சண்டை தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம். எனக்கு எட்டு வயது. அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அப்பாவின் தங்கையான அத்தைதான் என்னை வளர்த்தாள். அவளும் புருஷனை இழந்தவள். பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள், யாருக்கும் பயப்படமாட்டாள். எங்கள் கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்தவர் பெரியப்பா. அவர் துரைக்கும் பயப்படுவார், சாமிக்கும் பயப்படுவார். இருவரில் யாருக்கு அதிகம் என்பது அந்த வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் துரைக்குச் சுத்தப் பைத்தியம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டக் கூடாது. மாதம் தவறாமல் ஆட்கள் சுரண்டியோடு நிரை நிரையாக இறங்கி மண்ணை வழித்தெடுப்பார்கள். தண்ணீர் வடியும் காண் ஓரத்தில் முளைத்த பன்னச் செடியைக்கூட விடமாட்டார்கள். நிழலுக்கு நின்ற நாலு மரத்தையும் துரை வெட்டச் சொல்லிவிட்டார். மலை முழுக்க நாவிதன் கைபட்ட முகம்போல மழுமழுவென்று இருக்கும். மழை பெய்தால் ஆற்றில் செம்மண் தண்ணீர் ஓடும். அதைப் பார்த்து மண் போகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சவரத்துக்குத் தப்பியது ஓர் ஓடை மட்டும். எங்கள் மலையின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் அந்த ஓடையின் இரு கரையிலும் உண்ணிச்செடியும் காட்டுச் சூரியகாந்தியும் பெயர் தெரியாத கொடிகளும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. நடுவில் ஓர் அத்திமரம். அது தப்பியதற்குக் காரணம் அத்தை. ஒருநாள் ஓடையின் வாசலில் ஏழு கற்களை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் ஏழு பேரும் கனவில் வந்து இடம் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். கூடவே ஒரு கட்டளையும் சொன்னார்களாம். ஆண்பிள்ளை கால் உள்ளே படக் கூடாது, பட்டால் கண் அவிந்துபோகும். பெரியப்பா அன்றைக்கே அந்த ஓடையைக் களைவெட்டுக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார். துரையிடம் அது பாறை என்று சொன்னாராம்.

பெண்களுக்கு அந்தக் கன்னிமார்மேல் இருந்த பக்தியை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கும். வேலை நடுவில் இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, "சாமி கும்பிட்டுட்டு வாறோங்க" என்பார்கள். பெரியப்பாவால் மறுக்க முடியாது. ஒருத்தி உள்ளே போவாள். மற்றவள் கற்களுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் பாடுவாள். பிறகு அவள் போவாள், இவள் பாடுவாள். பெரியப்பா மேலே பாதையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் அத்தை கற்களுக்கு முன்னால் ஒரு பிடி பச்சரிசி தூவுவாள். தோட்டத்தில் அளந்து கொடுக்கும் அரிசியைச் சாமிக்குக் கொடுக்கும் அளவுக்கு அவள் பக்தி முற்றியிருக்கிறது என்று அப்பா கேலி செய்வார்.

அந்த வருஷம் கச்சான் காற்று ஓய்ந்த பிறகு புழு வந்தது. பச்சை நிறம், விரல் நீளம், முதுகெல்லாம் முள். தொட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல எரியும். முள்ளுப்புழு என்று சொல்வோம். முதலில் அடுத்த மலையில் கண்டார்கள். பத்து நாளில் அந்த மலையில் குச்சிகள்தான் மிஞ்சின. பெண்கள் கை வீங்கி, கூடையின் அடி மறையாத கொழுந்தோடு திரும்பி வந்தார்கள். கோப்பிக் காலத்தில் இலையில் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்த கதையைப் பெரியவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். துரையும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துக் கிடந்தது.

இரண்டு கட்டளை போட்டார். சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் மூங்கில் குச்சியால் புழுவைப் பொறுக்கித் தகரத்தில் போட்டு, ஸ்டோருக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். இது முதலாவது. எங்களுக்கு இடி இரண்டாவதில் இருந்தது. பூச்சி காட்டில்தான் பிறக்கிறது, அதனால் சனிக்கிழமை ஓடையை வெட்டி எரிக்க வேண்டும். பாறை என்று சொன்ன இடத்தில் மரம் நிற்பதைத் துரை கண்டுபிடித்துவிட்டார்.

ஆண்கள் யாரும் கத்தியைத் தொடவில்லை. கண் போய்விடும் என்ற பயம். பெரியப்பா நடுங்கிக்கொண்டு அதைத் துரையிடம் சொன்னார். அப்படியானால் சாமியை வைத்தவளே வெட்டட்டும், மாட்டேன் என்றால் கணக்குத் தீர்த்து அவளுக்குத் துண்டுச் சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பு என்று துரை முடித்துவிட்டார்.

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கைய வெட்டிப்புட்டாலும் அந்த எடத்த நான் வெட்டமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பெற்ற தாயை நான் பார்த்ததில்லை. எனக்குத் தாய் என்றால் அவள்தான். அவள் போனால் நான் எங்கே போவேன்? அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

இதற்குள் புழு பொறுக்கும் வேலையில் நான் ஒன்றைக் கண்டிருந்தேன். ஓடைப் பக்கத்துச் செடிகளில் இருந்த புழுக்கள் மற்றவைபோல இல்லை. சுருண்டு, அசையாமல், முதுகில் வெள்ளை வெள்ளையாக எதையோ சுமந்துகொண்டிருந்தன. அசல் அரிசி மணிகள். பெரியவர்கள் அவற்றை முட்டை என்றார்கள். "அதுகள மொதல்ல கொளுத்துங்க, ஆயிரமாப் பெருகிடும்" என்று பெரியப்பா கத்தினார். எனக்கோ விஷயம் வெட்டவெளிச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அத்தை தூவிய அரிசி அது. கன்னிமாரின் அரிசியைச் சுமக்கும் புழு கன்னிமாரின் புழு. அதைக் கொளுத்தினால் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது. ஆகவே அரிசிப்புழுக்களையெல்லாம் யாருக்கும் தெரியாமல் அத்தையின் பழைய வெற்றிலைத் தகரத்தில் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, நாங்கள் குடியிருந்த காம்பராவில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். துரை குதிரையை விட்டு இறங்கி, அத்தையின் முன்னால் ஒரு கத்தியைப் போடச் சொன்னார். அத்தை குனியவில்லை. பெரியப்பாவின் கையில் துண்டு தயாராக இருந்தது. நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து துரையின் சப்பாத்துக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"தொரை, இது சாமியோட புழுங்க. காட்ட வெட்டாதீங்க" என்று துணியை அவிழ்த்தேன்.

புழுவைக் காட்டத்தான் அவிழ்த்தேன். வந்ததோ வேறு. தகரத்துக்குள்ளிருந்து எள்ளளவு கருங்குளவிகள் குபுகுபுவெனக் கிளம்பித் துரையின் தாடியில் மொய்த்தன. பெரியப்பா தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார். நானும் அலறிவிட்டேன். துரை மட்டும் அலறவில்லை. தாடியிலிருந்து ஒன்றை மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தகரத்துக்குள் பார்த்தார். புழுக்கள் எல்லாம் வெறும் தோலாகக் காய்ந்து கிடந்தன. அரிசி மணி ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

"எங்கே புடிச்சே?" என்றார். நான் ஓடையைக் காட்டினேன்.

துரை நடந்தார். தோட்டமே பின்னால் நடந்தது. ஏழு கற்களுக்கு முன்னால் அத்தை கையை நீட்டி மறித்தாள். "தொரையா இருந்தாலும் ஆம்பளைங்க உள்ள போகக்கூடாதுங்க." கத்தியை எடுக்க மறுத்தவள், அடுத்த நிமிஷமே துரையையும் மறிக்கிறாள்! பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். துரை ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, வெளியிலேயே நின்று, பெண்பிள்ளையான என்னை உள்ளே அனுப்பிப் புழுவோடு இலைகளை எடுத்துவரச் சொன்னார். நான் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தேன். முக்கால்வாசிப் புழு அரிசி சுமந்தது. அத்திமரத்துக் கொண்டைக்குருவிகள் எங்கள் கண்ணெதிரே இறங்கி, தேயிலையிலிருந்து புழுவைக் கொத்திக்கொண்டு போயின.

அப்புறம்தான் எல்லோரும் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தோம். ஓடையின் இரு பக்கமும் தேயிலை பச்சையாக நின்றது. விலக விலகப் பச்சை குறைந்து, சுத்தமாகச் சுரண்டிய மேட்டில் வெறும் குச்சி. அத்தனை நாள் புழுவைக் குனிந்தே பொறுக்கிய நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. துரை நிரைகளுக்குள் ஏறி இறங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து, தமிழில் ஒரே சொல் சொன்னார்: "வெட்டாதே."

மலையே கூச்சலிட்டது. தப்பு முழங்கியது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். துண்டைப் பெரியப்பா கிழித்துப் போட்டார். அரிசிப்புழுக்களைக் கொளுத்தாமல் செடியிலேயே விட்டோம். அடுத்த மழைக்குள் மலை முழுக்கத் துளிர்த்துவிட்டது. துரை இன்னும் ஒருபடி மேலே போனார். தோட்டத்தில் எந்த ஓடைக்கரையிலும் இனிச் சுரண்டி படக் கூடாது என்றார். உடனே ஒவ்வோர் ஓடைப் பக்கத்துப் பெண்களும் தங்களுக்கென்று ஏழு கல் நட்டுக்கொண்டார்கள். சேதி பரவி, பூனாகலைப் பக்கம் வரைக்கும் கன்னிமார் குடியேறினார்கள். கண்டுபிடித்தது தான்தான் என்று துரை நினைத்தார். கன்னிமார் காப்பாற்றினார்கள் என்று பெரியப்பா சத்தியம் செய்தார். என் பக்திக்குக் கிடைத்த வெற்றி என்று நான் வருஷக்கணக்கில் பீற்றிக்கொண்டேன். குளவி தன் முட்டையைப் புழுவுக்குள் வைக்கிறது, குஞ்சு புழுவைத் தின்று வெளியே வந்து கூடு கட்டுகிறது, அந்தக் கூடுதான் என் அரிசி, குளவிக்குத் தேன் கொடுத்தது அந்த உண்ணிப்பூ என்பதெல்லாம் பிற்காலத்தில் தெரிந்துகொண்டது. அத்தை மட்டும் எதற்கும் உரிமை கொண்டாடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடக்கத்தை நான் மெச்சினேன்.

பதினான்கு வயதில் நானும் கூடை கட்டினேன். முதல்நாள், வெயில் ஏறும் நேரத்தில், வயிறு முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். இடுப்பளவு தேயிலை. மேலே பாதையில் பெரியப்பா. எதிர்மலையில் கவ்வாத்து வெட்டும் ஆண்கள். எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை என் தோளைத் தொட்டு, பெரியப்பாவுக்குக் கேட்கும்படி, "சாமி கும்பிட்டுட்டு வாறோங்க" என்றாள். என்னை ஓடைக்குள் அனுப்பிவிட்டு, கற்களுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் பாடினாள்.

வெளியே வந்தபோது என் முகம் சிவந்துபோயிருந்தது.

"இதுக்கா அத்தை சாமி வச்சீங்க?"

"வேற எதுக்குன்னு நெனச்ச?"

"கன்னிமாரு கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"ஏழு பேரும் பொம்பளைங்கதானே, அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. பிறகு, "நீ பாடு, நான் போயிட்டு வாறேன்" என்று கூடையை இறக்கினாள்.