தேய்த்த காக்கி பேண்ட்

அந்தக் காக்கி பேண்ட்டை முதலில் என் கைபேசித் திரையில்தான் பார்த்தேன். இஸ்திரி மடிப்பு ஒரு இடத்தில்கூடக் கலையவில்லை. ‘நோயாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்’ என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்போது நான் மருத்துவப் படிப்பில் கடைசி வருடம். வீடியோ அழைப்பிலேயே நோயாளிக்கு நடைப்பயிற்சி கொடுத்துப் பழகுவது என்று புதிதாக ஒரு பாடமுறை கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கொரு நோயாளி, புதன்தோறும் ஓர் அழைப்பு. எனக்கு வாய்த்தவர் நெய்வேலியில் சுரங்கக் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்டுக்குப் போகும் வழியில் பைக் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நகரியத்தில் அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். மனைவி கைபேசியைப் பிடித்துக்கொள்ள, நான் சொல்லச் சொல்லக் காலை நீட்டுவார், மடக்குவார், வாக்கரை ஊன்றி நடந்து காட்டுவார். “வலிக்குதா?” என்று கேட்டால் போதும். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். தெனமும் நடந்துகினுதான் இருக்கேன்.” புண்? “ஆறிப்போச்சுங்க.” முகம் சிரிக்கும், நெற்றி வேர்த்து ஊற்றும். நெய்வேலி வெயில் என்று நினைத்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது திரையிலேயே தெரிந்தது.

‘ஒத்துழைப்பு மிக நன்று’ என்று எழுதினேன். பாடமுறையை மதிப்பிடச் சொல்லிக் கொடுத்த படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளது’ கட்டத்தில் டிக் அடித்தேன். பேராசிரியர் வகுப்பிலேயே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவது புதன் யாரும் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மனைவி பேசினார். காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சீழ் எலும்புவரை போய்விட்டதால் காலை எடுத்துவிட்டார்கள்.

பஸ் பிடித்துப் போனேன். “ஏங்க மறைச்சீங்க?” என்று கோபமாகவே கேட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் சொன்னார்: “வேலைக்கு ஆவாரான்னு பாக்கத்தான் நீங்க பேசுறீங்கன்னு நெனச்சிகினு இருந்தாருங்க. புண்ணு தெரிஞ்சா அன்ஃபிட்னு எழுதிடுவாங்க, பர்மனென்ட் ஆக்குற லிஸ்ட்லேர்ந்து பேரு போயிடும்னு என்னையும் வாய தெறக்க வுடல. புதன்கிழம ஆனா கட்டு மேல துணி சுத்தி, பேண்ட்ட தேய்ச்சி மாட்டிவுடுவேன்.”

“நான் ஸ்டூடன்ட்ங்க. இது என் படிப்புக்காக” என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

அவர் மெல்லத் திரும்பினார். “அப்ப நீங்க எழுதினதெல்லாம்?”

“எங்க காலேஜுக்குங்க.”

அவர் போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தை மூடிக்கொண்டார்.

இன்று அதே பாடத்தை நான் நடத்துகிறேன். ‘நான் மாணவன், உங்கள் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்பதுதான் முதல் வாக்கியம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போன புதன் ஒரு மாணவன் அதைச் சொல்லி முடித்தான். திரையில் இருந்தவர் “சரிங்க சார்” என்று சிரித்தார். தேய்த்த பேண்ட் போட்டிருந்தார்.

“முழங்கால்வரை அதை மடிச்சு ஏத்தச் சொல்லு” என்றேன். அவர் சிரிப்பு நின்றது.