மஞ்சப்பை நிறைய டிக்கெட்

மாதர் சங்க வேலை என்றால் மேடையில் பேசுவது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி வேலை ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுதான். மனுவும் கையுமாக அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எண்பதுகளின் கடைசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு ஊருக்கு பஸ் கேட்டோம். டவுன் பஸ் மூணு மைல் தள்ளி, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலேயே திரும்பிவிடும். அந்த ஊர்ச் சங்கத் தலைவி மாரியம்மாளின் மகள் செல்வி எட்டாவது முடித்திருந்தாள். கருவேலங்காட்டு வழியே தினமும் நடந்து போய் ஒன்பதாவது படிக்க வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். பஸ் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் கருவேல விறகை எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்ட வேலை.

முள்

முதலில் ஊராட்சித் தலைவரிடம் போனோம். ரோட்டை முள் அடைத்துக் கிடக்கிறது, எந்த டிரைவர் உள்ளே வருவான் என்று கேட்டார். நியாயம்தான். மறுநாளே அரிவாளோடு இறங்கினோம். எனக்குப் பழக்கமில்லை, கையெல்லாம் கீறல். நாலே நாளில் ரோடு வெளியே தெரிந்தது. வந்து பார்த்த தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, பஸ்ஸு வரட்டும். ஆனா நான் கேட்டுத்தான் வந்துச்சுன்னு சொல்லணும்."

கேம்ப்

ஒன்றிய ஆபீஸில் அதிகாரி எப்போது போனாலும் கேம்ப், அதாவது வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள். அடுத்த வாரம் வாங்க என்று கிளார்க் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை தூக்குவாளியில் சோற்றோடு போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். பொழுது சாய்ந்ததும் கிளார்க்குக்குக் கவலை வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பவில்லையா என்று கேட்டார். கேம்ப் போயிருந்த அதிகாரியை உள்ளறையிலிருந்தே வெளியே வரவழைத்தது மாரியம்மாள் சொன்ன பதில்தான்: "கிளம்பி என்ன செய்ய? எங்க ஊருக்குத்தான் பஸ்ஸு இல்லையே. அவுக வார வரைக்கும் இருக்கோம்."

கலெக்டர்

ஒன்றிய அதிகாரியின் கையெழுத்தோடு மனு விருதுநகருக்குப் போனது. திங்கட்கிழமை மனு நாளில் நாங்களும் போனோம். அந்த ஊரில் ஏற ஆளே இல்லை என்று டிப்போவில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் ஒரு மாதமாக அந்த ஊர்க்காரர்கள் விலக்கில் இறங்கி வீசிய டிக்கெட்டையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தோம். மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தோம்.

கலெக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். மதுரை–காரியாபட்டி தனியார் பஸ் டிக்கெட். ஆர்வக்கோளாறில் யாரோ சந்தைக்குப் போன இடத்தில் பொறுக்கியது. நான் மாரியம்மாளைப் பார்த்தேன். அவள் அசரவில்லை: "ஆமாய்யா, எங்க ஊருல பஸ்ஸு இல்லாமத்தானே அம்புட்டுத் தூரம் போயி ஏற வேண்டியிருக்கு."

முதல் பஸ்

கலெக்டர் உத்தரவு போட்டார்; பள்ளிக்கூடம் திறந்த வாரம் பஸ் ஊருக்குள் வந்தது. தலைவர்தான் தேங்காய் உடைத்தார், உடைத்துவிட்டுப் போகட்டும். செல்வியின் புத்தகப் பையை அவள் அப்பாவே தூக்கிவந்து உள்ளே வைத்தார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் காலையில் ஒரு நடை மட்டும்தான். சாயங்காலம் அந்தப் பிள்ளை விலக்கிலிருந்து நடந்துதான் வர வேண்டும். பஸ் நகரும்போது மாரியம்மாள் ஜன்னல் பக்கம் போய் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "யாரும் டிக்கெட்டத் தூரப் போடாதீக. சாயந்தர பஸ்ஸு இன்னும் கேக்க வேண்டியிருக்கு."

அந்த மஞ்சப்பையைத் துவைத்துக் காயப்போட எங்களுக்கு அதற்குப் பிறகும் நேரமே கிடைக்கவில்லை.