தெல்மா ஹாக்பென்னும் குரங்குப் பூவும்

தெல்மா ஹாக்பென் அந்தக் குரங்குப் பூவைக் கத்தரிக்கோலால் நறுக்கி, லண்டனில் ஒரு பணக்காரன் கோட்டில் குத்திக்கொள்ள விற்றுவிட்டார் என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. கிளப்பியது பப் நடத்தும் டோரீன். அவள் புருஷன் ஒரு சாயங்காலம் நாயோடு குன்றுப் பக்கம் போனானாம். மேலே தெல்மா மண்டிபோட்டுக் குனிந்திருந்தாராம். அவன் பார்த்தது அவருடைய பின்பக்கத்தை மட்டும்தான். கத்தரிக்கோல், லண்டன், பணக்காரன் எல்லாம் டோரீன் பீர் ஊற்றிக்கொண்டே சேர்த்தவை. கதை என் வாய் வழியாகப் போனபோது பணக்காரன் பிரபுவாகிவிட்டான், அதை மறுப்பானேன். ஆனால் நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெல்மா எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டியவர். ஓய்வு பெற்றாகிவிட்டது, ஆனால் ஸ்டியரிங் கையை விட்டுப் போனதே தவிர வாயை விட்டுப் போகவில்லை. கோடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஊருக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் குன்றுக்குப் பூப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போவார். வேலிக் கதவருகே நின்று, "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி நகருங்க, வழியில நிக்காதீங்க" என்பார். டிக்கெட் கேட்காததுதான் பாக்கி.

நடை என்று பெயர். ஒரு நாய் ஒரே மூச்சில் ஓடிவிடுகிற தூரத்தைக் கடக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். கழுத்தில் ஷூ லேஸில் கோத்த பூதக்கண்ணாடி. முழங்காலுக்கு அடியில் போட, பழைய பஸ் சீட்டிலிருந்து வெட்டிய துணித் துண்டு. அவர் குழுவில் யாரும் சட்டென்று உட்கார்ந்துவிட முடியாது. "உக்கார்றதுக்கு முன்னாடி கீழ பாரு கண்ணு. உன் பின்னாடிக்குக் கண்ணு கிடையாது" என்று தோளைப் பிடித்து நிறுத்துவார். எங்கள் பாதிரியாரையும் ஒருமுறை பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நிறுத்திவிட்டார். அவர் பாவம், ஒரு மொட்டு தப்பிக்கும்வரை நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருந்தார்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றம். ஆடு மேய்ந்த கட்டைப் புல், அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு. இதற்கா வந்தோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தெல்மா அவர்களை மண்டியிட வைப்பார். ஒரு சின்ன இலையைக் கசக்கி மூக்கில் வைப்பார், வெள்ளரிக்காய் வாசனை. பிறகு குனிந்தவர்கள் நிமிர மாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்குள் மஞ்சள், ஊதா, வெள்ளை என்று கடுகளவு பூக்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். உரம் போட்டால் இன்னும் பெரிதாக வருமே என்று ஒருவர் கேட்டார். தெல்மா அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"சத்தில்லாத மண்ணு கண்ணு இது. இங்க எவனும் கொழுக்க முடியாது. அதனாலதான் எவனும் அடுத்தவன நசுக்கல."

இதைச் சர்ச்சில் சொல்லியிருந்தால் நான் வாரா வாரம் போயிருப்பேன்.

குன்று தானாக அப்படி இருந்துவிடாது. விட்டால் முள்புதர் மூடிவிடும். குளிர்காலம் முழுக்க, நாங்கள் பப்பில் அடுப்பருகே இருக்கும்போது, தெல்மா மேலே புதர் வெட்டிக்கொண்டிருப்பார். இப்படிப் பல குளிர்காலம் வெட்டிய இடத்தில்தான் போன வருஷம் குரங்குப் பூ வந்தது. அது ஓர் ஆர்க்கிட். வெளிர் ரோஜா நிறப் பூ ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை, இரண்டு கால், வால்கூட உண்டு. தண்டு முழுக்கக் குரங்குக் குட்டிகள் தொங்குவதுபோல் இருக்கும். அதுவரை எங்கள் குன்றில் யாரும் அதைப் பார்த்ததாக நினைவில்லை. பூத்தது ஒன்றே ஒன்று. சுற்றிலும் தரையோடு தரையாக, இலை மட்டும் விட்ட அதன் குஞ்சுகள். அவை பூக்க இன்னும் ஒரு வருஷமாவது வேண்டும். ஒரு முழங்கால் பட்டால் போதும், போய்விடும்.

தெல்மாவைத் தவிர அதைப் பார்த்தவர் இன்னொருவர், க்ரிஸ்பின் வெல்லண்ட். ஓய்வு பெற்ற பல் டாக்டர், கையில் கேமரா. நல்ல மனிதர். பூக்களின் லத்தீன் பெயரெல்லாம் தெல்மாவைவிட அவருக்குத்தான் அத்துப்படி. படத்தை இன்டர்நெட்டில் போட்டார். ஊர்ப் பெயரை மறைத்தார். பூவுக்குப் பின்னால் தெரிந்த, எங்கள் சர்ச் கோபுர உச்சியில் காற்றுத் திசை காட்டும் கோணல் தகரச் சேவலை மறைக்க மறந்தார். தெல்மா போய்ச் சொன்னதும் முகம் வெளுத்து உடனே எடுத்துவிட்டார். அதற்குள் படம் நாடு சுற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆள் வருகிறது, சாப்பாட்டுக்கு மேசை வேண்டும் என்று டோரீனுக்கு போன் வந்தது.

இந்த ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சிக்கல். அன்பு மிகுந்து மண்டியிடுவார்கள். படம் தெளிவாக விழ, சுற்றியுள்ள புல்லைத் தலைவாரி ஒதுக்குவார்கள். அடுத்தவர் அதே பள்ளத்தில் முழங்காலை வைப்பார். சாயங்காலம் பூ நிற்கும். சுற்றிலும் சப்பாத்தி தேய்த்த பலகை மாதிரி ஆகியிருக்கும்.

வேலி கட்டச் சொன்னேன். "வேலி கட்டினா இங்கதான் இருக்குன்னு போர்டு வெச்ச மாதிரி" என்றார் தெல்மா. சனிக்கிழமை சாயங்காலம்தான் டோரீனின் புருஷன் நாயோடு குன்றுப் பக்கம் போனது.

ஞாயிறு பஸ் வந்தது. மூன்றுகால் ஸ்டாண்டும் பூதக்கண்ணாடியுமாகக் குன்று ஏறினார்கள். குரங்கு இல்லை. இலைக்கு மேலே பிய்ந்த தண்டு மட்டும். க்ரிஸ்பின் தள்ளி நின்றே எட்டிப் பார்த்து, இழவு வீட்டுக் குரலில், "மான் தின்னிருக்கு" என்றார். தலையில்லாத தண்டுக்கு யார் மண்டியிடுவார்கள்? ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். எல்லோரும் இறங்கி வந்து டோரீன் மாவில் கறி வைத்துச் சுட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தெல்மா கூடவே உட்கார்ந்து, ஆமாம், பாழாய்ப்போன மான்கள் என்று தலையாட்டினார்.

இந்த வருஷம் முதல் நடைக்கு நானும் போனேன். தெல்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு: யாருக்கும் காட்டக் கூடாத பூ இருக்கும் இடம் வந்தால், அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி பருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அன்று பருந்தே இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. நான் கீழே பார்த்தேன். புல்லுக்கு நடுவே வாலோடு, கை காலோடு ஒரு தண்டு இல்லை, ஒரு குடும்பமே நின்றது.

கூட்டத்தை முன்னே விட்டு அவர் பக்கத்தில் நடந்தேன். ஊர் என்ன பேசுகிறது தெரியுமா, கத்தரிக்கோலாமே, லண்டன் பிரபுவாமே என்று காதில் போட்டேன். தெல்மா நடையைக்கூடக் குறைக்கவில்லை.

"கத்தரிக்கோலா? அது நேரா வெட்டும், க்ரிஸ்பின் கண்டுபிடிச்சிருவாரு. கடிச்சேன். யாருக்கும் விக்கவும் இல்ல, மென்னு முழுங்கிட்டேன். கசந்துச்சு."